தமிழ்நாட்டுக் கார்டு, பாலக்காட்டில் வாடகை வீடு: மாதப் பாதியில் அரிசி தீரும் குடும்பங்களுக்கு என்னென்ன கிடைக்கும்?

கேள்வி: கல்பாத்திக்கரை

பாலக்காடு நகரசபை எல்லைக்குள் லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பற்றிக் கேட்கிறேன். தருமபுரி, சேலம், திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவர்கள். ஆண்களுக்குக் கட்டட வேலை, சுமை, பழைய இரும்பு. பெண்களுக்கு வீட்டு வேலை. கூலி தினக்கூலி. ஜூன், ஜூலையில் இடவப்பாதி மழை பிடித்தால் வாரத்துக்கு 2 நாள் வேலையே பெரிது. மாதம் 15 தாண்டினால் பல வீடுகளில் ராத்திரி உலை ஏறுவதில்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அம்மாக்கள் பால் இல்லாத கட்டன்சாயாவோடு படுத்துக்கொள்கிறார்கள்.

கிட்டத்தட்ட எல்லாரிடமும் ஊர் ரேஷன் கார்டு இருக்கிறது, ஆனால் இங்கே கடையில் சிலருக்குக் கிடைக்கிறது, சிலருக்கு "இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? ஊர்க் கார்டை ஒப்படைத்துவிட்டுக் கேரளக் கார்டு எடுப்பது நல்லதா? ரேஷன் தவிர வேறு என்ன வழி? விதிமுறை தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள், அந்த வீடுகளில் உட்கார்ந்து படித்துக்காட்டப் போகிறேன்.

---

பதில்: சப்ளை வரிசை

முதலில் எல்லாருடைய கார்டையும் வாங்கி, அதில் அச்சாகியிருக்கும் குறியீட்டைப் பாருங்க. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பி.எச்.எச். என்று இருந்தால் முன்னுரிமைக் குடும்பம். பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றால் அந்த்யோதயா, அதாவது மிக ஏழைக் குடும்பம். இந்த இரண்டும் 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் கார்டுகள். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஏற்பாட்டில் இந்தியாவில் எந்தக் கடையிலும் தானியம் வாங்கலாம். தமிழ்நாடு இதில் 2020 அக்டோபரில் சேர்ந்தது. என்.பி.எச்.எச். என்று இருந்தால் அது தமிழ்நாடு அரசு தன் சொந்தச் செலவில் அரிசி கொடுக்கும் கார்டு. வாளையார் எல்லையைத் தாண்டினால் அதற்கு ஒரு மணி அரிசியும் கிடையாது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருடைய இ-பாஸ் கருவியில் (விரல் வைத்துப் பதியும் கருவி) அந்தக் கார்டு வரவே வராது. உங்கள் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஊரில் இந்த மூன்று கார்டுக்கும் அரிசி கிடைப்பதால் இந்த எழுத்தை யாரும் கவனிப்பதில்லை.

முன்னுரிமைக் கார்டுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ, அந்த்யோதயாவுக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரியிலிருந்து இரண்டும் இலவசம். கேரளக் கடையில் இதில் ஒரு பங்கு கோதுமையாக வரலாம். ஊரில் கிடைக்கும் 30 ரூபாய் துவரம்பருப்பு, 25 ரூபாய் பாமாயில், சர்க்கரை எதுவும் இங்கே வராது. அவை மாநிலத் திட்டம், எல்லை தாண்டுவது தானியம் மட்டும்தான்.

கடையில் "தமிழ்நாட்டுக் கார்டு, போர்ட்டபிலிட்டி" என்று சொல்லி, 12 இலக்கக் கார்டு எண்ணைக் கொடுத்து, கார்டில் பெயருள்ள ஒருவர் விரல் வைக்க வேண்டும். சரியான கார்டாக இருந்தும் நடக்காமல் போனால் காரணம் அநேகமாக இவற்றில் ஒன்று. ஊரில் பாட்டியோ மச்சானோ அந்த மாதத்து அரிசியை ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள், கருவி மீதி பூஜ்யம் என்று காட்டும். யார் எங்கே வாங்குவது என்று ஊரோடு போனில் பேசி முடிவு செய்துகொள்ளணும். அடுத்தது, இ-கேஒய்சி, அதாவது ஆதாரோடு அடையாளச் சரிபார்ப்பு, முடிக்காத உறுப்பினர். ஊர் போக வேண்டியதில்லை, பாலக்காட்டு ரேஷன் கடையிலேயே விரல் வைத்து முடிக்கலாம். பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் கைரேகை புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அங்கேயும் மாட்டிக்கொள்ளும்.

கடைசியாக விரல். சிமெண்ட் குழைப்பவர், பாத்திரம் துலக்குபவர், இரும்பு பொறுக்குபவர் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வேறு விரல்களை வைத்துப் பாருங்க. அப்படியும் வரவில்லையென்றால் வேலைக்குப் போகாத உறுப்பினரை, பெரிய பிள்ளையை, அனுப்புங்க. கார்டில் பெயருள்ள யார் விரலும் போதும். நிரந்தரத் தீர்வு ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிப்பது.

இங்கே பிறந்த குழந்தையின் பெயர் கார்டில் ஏறியிருக்காது. பிறப்புச் சான்றும் குழந்தை ஆதாரும் இருந்தால் தமிழ்நாட்டுப் பொதுவிநியோக இணையதளத்தில் இங்கிருந்தே சேர்க்கலாம்.

---

பதில்: வேலந்தாவளம் ரோடு

மேலே சொன்னவர் சரியாகச் சொன்னார். என்.பி.எச்.எச். கார்டுக்காரர்களுக்கு நான் ஒரு வழி சொல்கிறேன், எல்லையோரத்தில் இருப்பதால் மட்டும் முடிகிற வழி.

கார்டை அவசரப்பட்டு ஒப்படைக்காதீங்க. அந்தக் கார்டின் மேல் மாதம் 20 கிலோ வரை இலவச அரிசி, பருப்பு, பாமாயில் இருக்கிறது. குடும்பத்தலைவிக்குக் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வந்தால் அதுவும் அதே கார்டைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. பொங்கல் பரிசும் அப்படியே. ஒப்படைத்த அன்றைக்கே இத்தனையும் போய்விடும். கேரளத்தில் புதுக் கார்டு எடுத்தால் முதலில் கைக்கு வருவது பொதுப் பிரிவு வெள்ளைக் கார்டு, அதில் கிலோ 10 ரூபாய் 90 காசுக்கு அந்தந்த மாதம் அரசு அறிவிக்கும் அளவுதான். கணக்குப் போட்டால் நஷ்டம் என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் வாங்கும் ஏற்பாடு 2020-லேயே வந்துவிட்டது. தருமபுரிக் கார்டுக்குத் தருமபுரி வரை போக வேண்டாம். பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் பஸ் ஏறினால் வாளையார் தாண்டியதும் க.க.சாவடி, எட்டிமடை, மதுக்கரை. அங்கே உள்ள கடையில் விரல் வைத்து வாங்கலாம். வெளியூர்க் கார்டுக்கென்று அந்தக் கடைகளில் ஒதுக்கும் சரக்கு குறைவு, அதனால் முன்கூட்டி ஒரு தரம் போய்க் கேட்டு, அவர் சொல்லும் நாளில் போங்க. அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற நாளோடு சேர்த்துக்கொண்டால் பஸ் காசும் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டு ரேஷன் அரிசி வாளையார் வழியாகக் கடத்தப்படுவது பெரிய பிரச்சினை, குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறை சோதனை நடத்தும். சொந்தக் கார்டின் அரிசிதான் என்றாலும், கார்டும் கடை ரசீதும் போனுக்கு வந்த குறுஞ்செய்தியும் கையில் இருக்கட்டும். நாலு வீட்டு மூட்டையை ஒரே ஆள் தலையில் ஏற்றி அனுப்பாதீங்க. மாட்டினால் அப்பாவி என்று நிரூபிக்க 2 நாள் கூலி போகும்.

---

கல்பாத்திக்கரை:

இரண்டு பேருக்கும் நன்றி. ஆனால் 10, 15 வருஷமாக இங்கேயே இருந்து, ஊரில் வீடும் இல்லை, உரிமைத்தொகையும் வராத குடும்பங்கள் உண்டு. சிலரிடம் எந்தக் கார்டும் கிடையாது. அவர்களுக்கு?

---

பதில்: சப்ளை வரிசை

அவங்க கேரளக் கார்டு எடுக்கத்தான் வேண்டும். கவனம் வரிசையில்தான் இருக்கு.

கேரள முறையில் விண்ணப்பம் ஏறும்போது ஆதார் எண் வேறு கார்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதனால் ஊர்க் கார்டில் பெயர் நீக்கி, அந்த வட்ட வழங்கல் அலுவலகத்தின் சான்று வாங்கிய பிறகே அக்ஷயா மையத்துக்கு (கேரளத்தின் இ-சேவை மையம்) போகணும். பெயர் நீங்கியதிலிருந்து புதுக் கார்டு வரும்வரை இரண்டு பக்கமும் ஒன்றும் கிடைக்காது. ஆகவே அந்த மாத அரிசியை வாங்கிய பிறகு நீக்கக் கொடுங்க, முன்னால் கொடுக்காதீங்க.

இங்கே இருப்பிடச் சான்றுதான் பெரிய முட்டுக்கட்டை. லைன் வீட்டு முதலாளி வாடகை ஒப்பந்தம் எழுத மாட்டார், ஒரே வீட்டு எண்ணில் ஆறு குடும்பம் இருக்கும். வார்டு கவுன்சிலரின் கடிதம், நகரசபையின் வசிப்புச் சான்று இரண்டையும் கேட்டுப் பாருங்க. ஒரே எண் என்பதற்காகத் தள்ளினால், தனி அடுப்பு, தனிக் குடும்பம் என்று எழுதிக்கொடுத்துத் தாலுகா சப்ளை அலுவலகத்தில் நேரில் விசாரணை கேட்கலாம்.

கேரளத்தில் நாலு நிறம். மஞ்சள் அந்த்யோதயா, பிங்க் முன்னுரிமை, நீலம் மாநில மானியம், வெள்ளை பொது. நீலக் கார்டில் ஆளுக்கு 2 கிலோ, கிலோ 4 ரூபாய். வெள்ளை கைக்கு வந்ததும் வேலை முடிந்ததென்று விட்டுவிடக்கூடாது. பிங்க் கார்டுக்கு மாற்ற விண்ணப்பம் கேட்கும் காலம் அவ்வப்போது வரும், அக்ஷயா வழியாகப் போடணும். 1,000 சதுர அடிக்கு மேல் வீடு, ஒரு ஏக்கருக்கு மேல் நிலம், சொந்த நாலு சக்கர வண்டி, அரசு வேலை, மாதம் 25,000 ரூபாய்க்கு மேல் வருமானம், வருமான வரி, இவை இருந்தால் தகுதி இல்லை. லைன் வீட்டுக்காரருக்கு இதில் எது இருக்கப் போகிறது? ஆனாலும் தாமதமாகும். மத்திய அரசு கேரளத்துக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து நிர்ணயித்த உச்சவரம்பு சுமார் 1.54 கோடி பேர். யாராவது வெளியேறினால்தான் புதியவருக்கு இடம். விதவை, ஊனமுற்றவர், டயாலிசிஸ், புற்றுநோய் நோயாளி இருக்கும் வீடென்றால் அந்தச் சான்றுகளை முதலிலேயே இணைத்துவிடுங்க, வரிசையில் முன்னால் வர அதுதான் உதவும்.

கார்டே இல்லாதவர்களை, அமைப்புசாராத் தொழிலாளருக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்யுங்க. புலம்பெயர் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29 அன்று, கார்டு இல்லாத தொழிலாளருக்கும் மாநிலங்கள் உலர் தானியம் தர வேண்டும் என்றது. 2023 ஏப்ரல் 20 அன்று, இ-ஷ்ரமில் பதிந்தும் கார்டு இல்லாதவர்களுக்கு ரேஷன் கார்டு கொடுக்கச் சொன்னது. மனுவில் இந்த இரண்டு தேதியையும் எழுதுங்க.

2025 நவம்பர் 1 அன்று கேரளம் அதிதீவிர வறுமை ஒழிந்த மாநிலம் என்று அறிவித்தது. அதற்கு அடிப்படை 64,006 குடும்பங்களைக் கண்டறிந்த பழைய கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு வந்த குடும்பம் அந்தப் பட்டியலில் இருக்காது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் பசி இல்லை என்று எந்த அலுவலரும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் எழுத்தில் கேளுங்க.

---

பதில்: அங்கன்வாடி அக்கா

தம்பி, மாதப் பாதியில் தீர்கிறது என்று எழுதியிருக்கீங்க. கணக்கும் அதையேதான் சொல்கிறது. பெரியவர் 2 பேர், பிள்ளைகள் 2 பேர். உடல் உழைப்புக்குப் பெரியவருக்கு நாளைக்கு 400 கிராம் அரிசி, பிள்ளைக்கு 250 கிராம் என்றால் நாளொன்றுக்கு 1 கிலோ 300. ரேஷன் 20 கிலோ 15 நாள் வரும். மாதத்துக்கு 39 கிலோ வேண்டும், 19 கிலோ வெளியில் வாங்கணும். மட்டை அரிசி கிலோ 45 ரூபாய் என்று வைத்தாலே 855 ரூபாய். பருப்பு, எண்ணெய், காய் இதில் சேரவில்லை. ஆகவே ரேஷன் முழுசாகக் கிடைத்தாலும் பாதி மாதம்தான். மிச்சத்தைச் சத்துணவு, அங்கன்வாடி, கூலி மூன்றும் சேர்ந்துதான் நிரப்பணும்.

அங்கன்வாடிக்கு ரேஷன் கார்டு கேட்கமாட்டார்கள். எந்த மாநிலத்துக் குழந்தையும் சேரலாம். 6 மாதம் முதல் 3 வயது வரை அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் பொடி வீட்டுக்குக் கிடைக்கும். கோதுமை, சோயா, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சர்க்கரை சேர்த்துக் குடும்பஸ்ரீ என்ற கேரள சுய உதவிக்குழுப் பெண்கள் செய்வது. 3 முதல் 6 வயதுக்கு அங்கேயே சாப்பாடு, வாரத்தில் சில நாள் பாலும் முட்டையும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உண்டு. ஊர் அங்கன்வாடியில் பெயர் ஏற்கெனவே போஷண் டிராக்கர் என்ற பதிவுச் செயலியில் இருந்தால் இங்கே புதிதாக ஏறாது. ஊர் டீச்சருக்கு போன் செய்து இடமாற்றம் போடச் சொல்லணும். இந்தச் சின்ன விஷயத்துக்காக மாதக்கணக்கில் பொடி கிடைக்காமல் இருக்கும் குழந்தைகள் உண்டு. வீட்டுக்கு எடுத்துப்போகும் பொடிக்கு இப்போது முகப்பதிவு கேட்பதால் அம்மாவே வரணும்.

அந்தப் பொடி குழந்தைக்கு. வீட்டில் எல்லாருக்கும் கூழ் காய்ச்சினால் 4 நாளில் தீரும், குழந்தை எடை ஏறாது. பசி இருக்கும் வீட்டில் இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் பெரியவங்க அரிசிக்கு முதலில் வழி பண்ணணும் என்கிறேன்.

பள்ளிக்கூடம்: கேரளத்தில் மதியச் சாப்பாடு 8-ஆம் வகுப்பு வரை, தமிழ்நாட்டில் 10 வரை. ஊரில் 9 படித்துக்கொண்டிருந்த பிள்ளையை இங்கே மாற்றினால் ஒரு வேளைச் சாப்பாடு போகும், யோசித்துச் செய்யுங்க. தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளிக்குக் காலை உணவும் இருக்கிறது. இங்கே அங்கங்கே உள்ளாட்சிகள் நடத்தினால்தான் உண்டு. 1 முதல் 8 வரை படிக்க வேண்டிய பிள்ளையை டி.சி. வரவில்லை என்று சேர்க்காமல் இருக்கக்கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அது. ஒரு தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு அளவு. மாதம் 22 நாள் போனால் வீட்டில் 2 கிலோவுக்கு மேல் மிச்சம். ஏப்ரல், மே விடுமுறையில்தான் திண்டாட்டம். ஓணத்துக்கு முன் பள்ளி வழியாக வரும் சிறப்பு அரிசியைத் தவறவிடாதீங்க.

நீங்க வீடுவீடாகப் போகும்போது பசிக்கிறதா என்று நேராகக் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள், மானம் பெரிசு. "போன மாதம் காசில்லாமல் ஒரு வேளையைத் தள்ளிப்போட்டீங்களா, நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீங்களா" என்று தனியாக, அம்மாவிடம், கேளுங்க. குழந்தைகளுக்குக் கை நாடா வைத்து அளக்கலாம். 6 மாதம் முதல் 5 வயது வரை இடது மேல்கையின் நடுச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சத்துக்குறைவு. 11.5-க்குக் கீழே என்றால் அன்றைக்கே அரசு மருத்துவமனை, காத்திருக்க வேண்டாம். இரண்டு காலிலும் வீக்கம், அழுத்தினால் குழி விழுகிறது என்றாலும் அதேதான்.

இன்னொன்று. ரேஷன் அரிசியில் கொஞ்சம் வேறு நிறத்தில் மணிகள் இருக்கலாம். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசி. எறியக்கூடாது. வடித்த கஞ்சியையும் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடிக்கட்டும்.

---

பதில்: நகரி எல்லை

ஆந்திரப் பக்கம், நகரி, சித்தூர், குப்பம் சுற்றி வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கும் முதல் பதிலில் சொன்ன கார்டு விதி அப்படியே பொருந்தும். கூடுதலாக இங்கே நகராட்சிகளில் அண்ணா கேன்டீன் இருக்கிறது. 2018-ல் தொடங்கி, 2019-ல் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி திறந்தது. காலை, மதியம், ராத்திரி ஒவ்வொரு வேளையும் 5 ரூபாய். கார்டு, ஆதார் எதுவும் கேட்பதில்லை. மதியம் வரிசை நீளம், கடைசியில் வருபவருக்குத் தீர்ந்துவிடும். எல்லா நகராட்சியிலும் கிடையாது, இருக்குமிடத்தை உள்ளூரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலக்காட்டில் குடும்பஸ்ரீயின் ஜனகீய ஹோட்டல் இதற்குச் சமம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2020-ல் 20 ரூபாய்க்குத் தொடங்கியது. 2023-ல் அரசு மானியம் நின்ற பிறகு விலை ஏறிவிட்டது. தனியாள் கூலிக்காரருக்கு இன்றும் மலிவுதான், குடும்பத்துக்குக் கட்டாது.

---

கல்பாத்திக்கரை:

அக்கா சொன்ன மூன்றாவது, கூலி. மழை மாதங்களில் நகரத்துக்குள் அரசு வேலை ஏதாவது உண்டா? வயசானவர்கள் பென்ஷன்? கடைக்காரர் சரியான கார்டையும் மறுத்தால் யாரிடம் போவது?

---

பதில்: சப்ளை வரிசை

வேலைக்கு: அய்யன்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டம். கேரள அரசின் சொந்தத் திட்டம், ஆண்டுக்கு 100 நாள். நகரசபை அலுவலகத்தில் போட்டோ, ஆதார், வசிப்புச் சான்றோடு வேலை அட்டைக்குப் பதியணும், பிறகு வேலை வேண்டும் என்று தனியாக எழுத்தில் விண்ணப்பிக்கணும். அட்டை எடுத்துவிட்டு வேலை தானாக வரும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். விண்ணப்பத்துக்குத் தேதியிட்ட ரசீது வாங்குங்க. வேலை மழைநீர்க் கால்வாய், சுத்தம், தோட்டம் என்று இருப்பதால் ஏப்ரல், மே மாதமே விண்ணப்பித்தால் மழைக்கு முந்தைய கால்வாய் வேலையில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

முதியோர்: ஊரில் 1,200 ரூபாய் உதவித்தொகை வந்துகொண்டிருந்தால் அதை விட்டுவிட வேண்டாம். கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்க வரும்போது ஆள் இல்லை என்று நிறுத்துவார்கள், அந்த நேரத்துக்குப் போய் வரணும். கேரள நலப் பென்ஷன் 2025 நவம்பரிலிருந்து 2,000 ரூபாய்; தொடர்ச்சியாக இங்கே வசித்ததற்கு ஆதாரம் வேண்டும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. பழைய வாடகை ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் எறியாமல் ஒரு பையில் சேர்த்து வைக்கச் சொல்லுங்க. வசிப்பை நிரூபிக்க அதுதான் கடைசியில் கைகொடுக்கும்.

மறுப்பு: ஒரே நாடு ஒரே ரேஷனுக்கு 14445, மாநில ரேஷன் புகாருக்கு 1967. போன் செய்யும்போது கடை எண், தேதி, நேரம், இ-பாஸ் திரையில் வந்த வாசகம் நாலும் வேண்டும். "சரக்கு இல்லை" என்று கடைக்காரர் சொன்னதும், "கார்டு வரவில்லை" என்று கருவி சொன்னதும் வேறு வேறு புகார். முன்னது தாலுகா சப்ளை அலுவலருக்கு, பின்னது ஊர் வட்ட வழங்கல் அலுவலருக்கு. அங்கே தீரவில்லையென்றால் மாவட்டக் குறைதீர் அலுவலர், அதற்கு மேல் மாநில உணவு ஆணையம். சட்டத்தின் 8-ஆம் பிரிவில், தானியம் கொடுக்காத மாதத்துக்கு உணவுப் பாதுகாப்புப் படி பணமாகக் கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்டால் கிடைக்காது. மனுவில் 'உணவுப் பாதுகாப்புப் படி' என்ற சொல்லையே எழுதுங்க. தமிழில் எழுதினாலும் போதும். பாலக்காடு மாவட்டத்தில் மொழிச் சிறுபான்மையினராகத் தமிழில் மனுக் கொடுக்கலாம், மலையாளம் தெரியவில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம்.

நாளைக்கு அந்த வீடுகளுக்குப் போகும்போது ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்க: கார்டின் குறியீடு, அதில் ஏறாத பிள்ளைகள், உரிமைத்தொகை வருகிறதா இல்லையா. எடுத்து வந்து இங்கே போடுங்க, ஒவ்வொரு வீட்டுக்கும் எது சரி என்று பார்த்துச் சொல்கிறேன். பெயரும் ஆதார் எண்ணும் மட்டும் பொதுவில் போட வேண்டாம்.